காளைக்கு ஊர்வலம், புல்லுக்கு ஏலம்

காங்கயம் காளையின் படம் இல்லாத சுவரொட்டி கொங்கு நாட்டில் அரிது. அந்தக் காளையை உருவாக்கிய கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமோ வேலி வேலியாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது.

சித்திரை மாதத்தில் காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு வெளியே பார்க்க அதிகம் இருக்காது. பழுப்பேறிக் காய்ந்து கிடக்கும் நிலம். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடை விரித்த வெள்வேல மரங்கள். மரத்தடியில், ஒன்றின் வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும் செம்மறிகள். நிலத்தைச் சுற்றி இலை உதிர்த்த முள்வேலி. வேலிக்கு அப்பால் இன்னொரு வேலி. இது தரிசு என்று முடிவு கட்டிவிட்டு வெளியூர்க்காரர் கண்ணை மூடிக்கொள்வார். அரசாங்கக் கணக்குகளும் பல சமயம் அந்த வெளியூர்க்காரரைப் போலத்தான் நடந்துகொண்டிருக்கின்றன.

உள்ளூரில் இதன் பெயர் கொறங்காடு. கொங்குப் பேச்சில் காடு என்றால் வனம் அல்ல. கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம். வாய்க்கால் பாய்ந்தால் வயல். வானத்தை நம்பிக் கிடந்தால் காடு. அந்தக் காட்டிலும் ஒரு பகுதியை மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கி, வேலியடைத்து, புல் வளர்த்துக் காப்பாற்றினால் அது கொறங்காடு. திருப்பூர் மாவட்டத்தின் காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களிலும் அவற்றை ஒட்டிய கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டப் பகுதிகளிலும் இது பரவியிருக்கிறது.

அமெரிக்காவுக்கு ப்ரெய்ரி, அர்ஜென்டினாவுக்குப் பாம்பாஸ், ரஷ்யாவுக்கு ஸ்டெப்பி என்று பள்ளிக்கூடப் புவியியல் பாடத்தில் மனப்பாடம் செய்தவர்கள் தமிழர்களில் லட்சக்கணக்கானோர். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு புல்வெளிச் சீமை இருக்கிறது என்றால் அவர்களில் பலர் நீலகிரியைக் காட்டுவார்கள். நீலகிரிப் புல்வெளி இயற்கை தந்தது. கொறங்காடு அப்படியல்ல. அதற்குப் பட்டா உண்டு, வேலி உண்டு, சொந்தக்காரர் உண்டு. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வைத்துக் காத்த புல்வெளி அது. அதுதான் அதன் பலம். இன்றைக்கு அதுவே பலவீனமும்.

இங்கே ஏன் புல் என்ற கேள்விக்கு விடை மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. அந்த மலையின் தென்கோடியில், அகத்தியர் மலையின் கேரள அடிவாரத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் உட்புறமாக ஒற்றசேகரமங்கலம் போன்ற எல்லைக் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு துண்டு நிலத்தை இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் புதர் மூடிவிடும். ரப்பரும் மரவள்ளியும் தென்னையும் நெருக்கியடிக்கும் அந்த மண்ணில் புல்லுக்கு வெயில் கிடைப்பதே பெரும்பாடு. அதே மலைத்தொடரில் வடக்கே வந்து, பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே இறங்கினால் எல்லாம் தலைகீழ். தென்மேற்குப் பருவம் மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, காற்றை மட்டும் கணவாய் வழியாக இந்தப் பக்கம் அனுப்பிவைக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே மிகை அல்ல. அந்தக் காற்றை நம்பித்தான் பிற்பாடு காற்றாலைகள் வந்தன. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் பெரிய மழை. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் கிடைத்தால் நல்ல வருஷம். மண்ணோ சரளை கலந்த ஆழமில்லாத மண். அதில் ஆண்டுதோறும் சோளம் விதைத்து வானத்தைப் பார்ப்பதைவிட, புல்லை விட்டுவைத்து மாட்டை வளர்ப்பது புத்திசாலித்தனம் என்று எப்போதோ யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு நெடுங்காலம் பொய்க்கவில்லை.

கொறங்காட்டின் உயிர் கொழுக்கட்டைப்புல். வறட்சியில் செத்ததுபோலக் கிடக்கும். வேர் மட்டும் ஆழத்தில் பிழைத்திருக்கும். ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாளில் பச்சை எட்டிப்பார்த்துவிடும். ஒருமுறை பிடித்துக்கொண்டால் தானே விதை உதிர்த்துப் பெருகும். இந்தப் புல் இனத்துக்கு உலகின் மறுபக்கத்தில் கெட்ட பெயர் என்பது வேடிக்கை. மேய்ச்சலுக்கென்று ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோகப்பட்ட இது, ‘பஃபெல்’ என்ற பெயரில் அரிசோனாவின் கள்ளிப் பாலைவனத்தில் தீயைப் பரப்பும் களையாகி, ஆட்களை வைத்துப் பிடுங்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. மூலனூரில் அதற்கு அந்தத் திமிர் வருவதில்லை. ஆடும் மாடும் விட்டுவைத்தால்தானே?

புல்லோடு கொழுஞ்சியும் நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் தாமாக முளைத்து மேய்ச்சலில் சேர்ந்துகொள்ளும். மேலே வெள்வேலம். நிழல் தரும், ஆனால் புல்லை மறைக்காது. கோடையில் புல் தீர்ந்துபோகும் நேரத்தில் அதன் காய்தான் ஆட்டுக்குத் தீனி. வறட்சி முற்றினால் மரத்தை விறகுக்கு விற்றுச் சமாளிக்கலாம். அதன் பட்டைக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு: பட்டைச் சாராயம் என்ற பெயரில் உள்ள பட்டை இந்த மரத்தினுடையது.

எல்லாவற்றையும் விட விசேஷம் வேலி. முள்கிளுவைக் கம்புகளை வரிசையாக நட்டுவிட்டால் அவை வேர்பிடித்து, கிளை பின்னி, சில வருஷங்களில் ஆட்டுக்குட்டி நுழைய முடியாத உயிர்ச்சுவராகிவிடும். கிளுவை தண்ணீர் கேட்காது. கோடையில் இலையை உதிர்த்துவிட்டு முள்ளை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும். வேலியில் ஒரே ஒரு இடத்தில் ஆள் நுழையும் கடவு. அதை அடைக்க ஒரு படல். உள்ளே கீரியும் அரணையும் உடும்பும் கவுதாரியும் குடியிருக்கும். முயல் அடைந்துகொள்ளும். தனியார் நிலத்தின் எல்லைக்கோடு என்று பட்டாவில் எழுதப்பட்ட இது, மைல் கணக்கில் நீளும் ஒரு குறுங்காடு.

வெள்ளைக்காரர்களின் கண்ணில் முதலில் பட்டதும் வேலிதான். இந்திய விவசாயத்தை ஆராய லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட ஜான் அகஸ்டஸ் வோல்கர் என்ற ரசாயன நிபுணர் 1893-ல் வெளியிட்ட அறிக்கையில், திறந்துகிடக்கும் நிலங்களே வழக்கமான இந்த நாட்டில் கோவை ஜில்லாவின் வேலியடைத்த நிலங்களைப் பாராட்டத்தக்க விதிவிலக்காகக் கண்டார். அதற்குச் சற்று முன்வரை அமெரிக்க ப்ரெய்ரியிலும் விவசாயிகள் உயிர்வேலியைத்தான் நம்பியிருந்தார்கள். ‘ஓசேஜ் ஆரஞ்சு’ என்ற முள்மரத்தை வரிசையாக நட்டு மாட்டைத் தடுத்தார்கள். 1874-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கியதும் அந்த மரத்தின் காலம் முடிந்துபோயிற்று. கொங்குக் கிளுவை இன்னும் ஒன்றரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது.

வேலி ஒன்றிரண்டல்ல. ஒருவருடைய கொறங்காடே பல துண்டுகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் மாடுகள் மேயும்போது மற்றவை ஓய்ந்து புல் ஏறும். முதலில் மாடு, எருமை. அவை மேய்ந்து முடித்த குட்டைப் புல்லுக்குச் செம்மறி. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை மண் இறுகிவிட்டதாகத் தோன்றினால் உழுது, ஒரு போகம் சோளமோ கொள்ளோ விதைத்துவிட்டு மறுபடி புல்லிடமே ஒப்படைத்துவிடுவார்கள். சுழற்சி மேய்ச்சல் என்று இன்றைக்குப் பல்கலைக்கழகங்கள் கற்றுத்தருவதை எழுதப்படிக்கத் தெரியாத ஆட்கள் கடவைத் திறந்து மூடியே செய்துவந்தார்கள்.

இந்தப் புல்லில் உருவான மாடுதான் காங்கயம். கன்று செவலையாகப் பிறக்கும்; சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். வளர்ந்த காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுத்துப்போகும். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்தை வைத்தே மாட்டுக்குப் பேர். பால் பெரிதாக இராது. ஆனால் இழுவையில் இதற்கு ஈடு குறைவு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதில் முக்கியப் பங்கு வகித்தது. நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் மந்தையைப் பற்றிக் கால்நடை நிபுணர் லிட்டில்வுட் 1936-ல் தென்னிந்தியக் கால்நடைகள் குறித்து எழுதிய நூலில் பேசப்படுகிறது. 1953-ல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட இந்திய, பாகிஸ்தான் மாட்டினங்கள் பற்றிய நூலிலும் காங்கயத்துக்கு இடம் கிடைத்தது.

மாட்டைச் சுற்றியே ஊரின் வருஷமும் ஓடியது. தை மாதத்தில் மற்றவர்களுக்கு மாட்டுப் பொங்கல். இங்கே அது பட்டிப் பொங்கல். மாடு அடைக்கும் பட்டியிலேயே பொங்கல் வைத்து, சாணத்தால் கரைகட்டிய சின்னத் தெப்பக்குளத்தில் தண்ணீர் விட்டு, மாட்டை அதில் கால் வைத்து மிதிக்க விடுவார்கள். சித்திரையில் வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரோடு மாட்டுச்சந்தை கூடும். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை. 1960-களின் நடுவில் இந்தக் கண்ணபுரத்துப் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ச்சி செய்த பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர், கொங்குக் குடியானவர் சமூகத்தைப் பற்றி 1972-ல் எழுதிய நூல் இன்றளவும் பேசப்படுகிறது. அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாடகரிடமிருந்து பதிவு செய்து உலகத்துக்குக் கொண்டுபோனவரும் அவரே.

இந்தப் பெருமைகளைச் சொல்லும்போது சாதாரணமாக விடுபட்டுப்போகும் ஒரு விஷயம் உண்டு. பட்டா பெரும்பாலும் கொங்கு வேளாளக் கவுண்டர்கள் பெயரில். ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு வெயிலில் அலைந்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர்கள். அவர்களிலும் பாதி சிறுவர்கள். வாங்கிய கடனுக்கு ஈடாகவும் வருஷக் கூலிக்கும் பிள்ளையைப் பண்ணையத்தில் விட்டுவைப்பது சகஜமாக இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் (2000) இந்த ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் உலகம்தான். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காடு அதில் வருவது என்றாலும் கொறங்காட்டுக்காரர்கள் அந்த வாழ்க்கையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். புல்லின் குணம், எந்த வேலியில் எந்தப் பொத்தல், எந்த ஆடு எப்போது ஈனும் என்ற ஞானம் எல்லாம் நிலமில்லாத இந்தக் கைகளில்தான் இருந்தது.

திருப்பூரின் பனியன் கம்பெனிகள் வளர்ந்தபோது அந்தக் கைகள் கிளம்பிப் போய்விட்டன. சாதிப் பேர் சொல்லி அதட்டும் ஆள் இல்லாத இடம், வாரக் கூலி, நிழல். யார்தான் போகமாட்டார்கள்? பழைய ஏற்பாடு குலைந்ததற்காக வருத்தப்படுகிறவர்கள், அது யார் முதுகில் நின்றது என்பதையும் சேர்த்து வருத்தப்படுவதே நியாயம். ஆனால் மேய்க்க ஆளில்லாமல்போனதும் கொறங்காட்டின் முதல் தூண் சாய்ந்தது உண்மை.

இரண்டாவது தூண் அதற்கு முன்பே ஆட ஆரம்பித்திருந்தது. காங்கயம் எருது பெரிய அளவில் தேவைப்பட்டது கவலை இறைக்க. ஆழமான கொங்குக் கிணறுகளிலிருந்து சாலில் தண்ணீரை மேலே கொண்டுவர, சரிவான வாரியில் நாள் முழுவதும் இறங்கி ஏறும் ஜோடி மாடுகள் இல்லாமல் தோட்டம் இல்லை. மின்சார மோட்டார் வந்து அந்த வேலையைப் பறித்தது. உழவை டிராக்டர் எடுத்துக்கொண்டது. பார வண்டியின் வேலை லாரிக்கும் டெம்போவுக்கும் போயிற்று. வெண்மைப் புரட்சிக் காலத்தில் ஜெர்சி, பிரீசியன் கலப்பினங்களின் விந்து ஊசியைத் தேடி வீட்டு வாசலுக்கே அரசு அனுப்பியது. பாலுக்குப் பணம், எருதுக்கு வேலையில்லை. கலப்பினப் பசு கட்டுத்தரையில் நின்று தீவனம் தின்னும். அதற்குக் கொறங்காடு தேவைப்படவில்லை.

பிறகு வந்தது எதிர்பாராத திருப்பம். ஜல்லிக்கட்டுக்கு 2014 மே 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் சென்னை மெரினாவிலும் மாநிலமெங்கும் இளைஞர்கள் திரண்டார்கள். சட்டசபை அவசரமாகச் சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18-ம் தேதி அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. வாடிவாசல்களில் புலிக்குளம் மாடுகளின் ஆதிக்கமே அதிகம். காங்கயத்தின் சொந்த மேடை ரேக்ளா பந்தயம். ஆனாலும் சுவரொட்டியிலும் டி-ஷர்ட்டிலும் ஏறிய முகங்களில் காங்கயத்துக்கு முக்கிய இடம் கிடைத்தது. நாட்டு மாட்டுப் பாலுக்கு நகரங்களில் தனி விலை கிடைக்க ஆரம்பித்தது. பழையகோட்டையில் ஞாயிறுதோறும் காங்கயம் இன மாடுகளுக்கென்றே மாட்டுத்தாவணி கூடுகிறது. குட்டப்பாளையத்தில் கார்த்திகேய சிவசேனாபதி நடத்திவரும் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி நிலையம், மாட்டை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை, கொறங்காட்டையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும் என்று தொடர்ந்து சொல்லிவருகிறது. மதுரையைச் சேர்ந்த ‘சேவா’ என்ற தன்னார்வ அமைப்பும் இந்த மேய்ச்சல் முறையை முறையாகப் பதிவுசெய்தது.

இந்தக் குரல்கள் காளை கோஷத்தின் இரைச்சலில் அமுங்கிப்போயின என்பதுதான் விசித்திரம். காளை வாங்க ஆள் கிடைக்கிறது. ஐ.டி. சம்பளத்தில் பண்ணை வைக்கிறவர்கள் கொம்பின் வளைவையும் திமிலின் உயரத்தையும் பார்த்து லட்சங்களில் விலை பேசுகிறார்கள். வாங்கிய மாடு கொட்டகையில் தவிடும் பருத்திக்கொட்டையும் தின்று வளர்கிறது. நான்கு மாடு கண்காட்சிக்கு நிற்பதும் ஒரு மந்தை வறட்சியைத் தாண்டி நிலத்தில் பிழைப்பதும் ஒன்றல்ல. இந்த இனத்தின் கெட்டிக் காலும் குறைந்த தீனியில் தாங்கும் குணமும் சரளை மண்ணில் தினம் நடந்து புல் தேடியதால் வந்தவை. புல்லை எடுத்துவிட்டு மாட்டை வைத்துக்கொண்டால் சில தலைமுறைகளில் மிஞ்சுவது நிறமும் கொம்பும் மட்டுமாக இருக்கலாம்.

இன்று கொறங்காட்டை நிஜமாகத் தாங்கிக்கொண்டிருப்பது காளை அல்ல, செம்மறி. மேச்சேரி, மயிலம்பாடி இன ஆடுகளுக்கு என்றும் கிராக்கி குறைந்ததில்லை. கன்னிவாடி, குண்டடம் சந்தைகளுக்கு விடியற்காலையிலேயே கறிக்கடைக்காரர்களின் வண்டிகள் வந்து நிற்கும். நிலத்துக்காரர் வெளியூரில் இருந்தால் வருஷக் குத்தகைக்குக் காட்டை விடுகிறார். ஆட்டுக்காரர் எடுத்து மேய்க்கிறார். ஒரு காலத்தில் அடுத்தவர் ஆட்டை மேய்த்தவர்களில் சிலர் இன்று சொந்த ஆட்டோடு குத்தகைக்காரர்களாக நிற்பதையும் பார்க்கலாம்.

அவர்களுக்கு இப்போது தூக்கம் போக்குவது தெருநாய். காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் கோழி, மீன், இறைச்சிக் கழிவுகளைத் தின்று கூட்டம் சேர்ந்த நாய்கள் இரவில் வேலியைத் தாண்டிப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிவிட்டுப் போகின்றன. நாய் பசிக்குக் கொல்வதில்லை. மிரண்டு ஓடும் மந்தையை ஒன்று விடாமல் கடிக்கும். செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் மறியல் செய்தது 2024, 2025-ம் ஆண்டுகளில் திரும்பத் திரும்பச் செய்தியானது. நாய் கடித்துச் செத்த ஆட்டுக்கும் இழப்பீடு தர அரசு பிறகு முன்வந்தது. இழப்பீடு ஆட்டுக்குத்தான். இனி இரவுக் காவலுக்கு யார் என்று யோசித்துப் பட்டியையே கலைத்துவிடுகிறவருக்கு அல்ல.

பட்டி கலைந்தால் அடுத்தது நிலம். கொறங்காட்டின் வருமானத்தையும் அதன் மனை விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் சபலம் தட்டும். அப்பாவின் இருபது ஏக்கர் மூன்று பேருக்குப் பாகமானால் சுழற்சியாக மேய்க்கத் துண்டுகள் போதாது. தண்ணீர் வசதி வந்த இடத்தில் தென்னையும் முருங்கையும் ஏறின. மற்ற இடங்களில் காற்றாலை. அடுத்து உயர்மின் கோபுரம்: சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கும் அங்கிருந்து கேரளத்தின் திருச்சூருக்கும் மின்சாரம் கொண்டுபோகும் தடங்களை எதிர்த்து 2018-ல் மேற்கு மாவட்ட விவசாயிகள் பெரிய போராட்டமே நடத்தினார்கள். காற்றாலை சிறு இடத்தில் காலூன்றும். சுற்றி ஆடு மேயலாம். சூரிய மின்பலகை அப்படி விடுவதில்லை. மரத்தை வெட்டி, வேலியைப் பிடுங்கி, நிலத்தைச் சமன்செய்த பிறகுதான் அது வரும். பசுமை மின்சாரத்துக்குக் காவு போகும் பச்சையைப் பற்றிச் சூழலியலாளர்களே இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

யாரும் தடுப்பதில்லை; ஏனென்றால் கணக்கில் அங்கே அழிவதற்கு ஒன்றுமே இல்லை. மரம் அடர்ந்திருந்தால் வனச் சட்டம் வரும். ஏரி, குளம் என்றால் நீதிமன்றம் வரும். ஊர்ப் பொது மேய்க்கால் நிலத்துக்குக்கூட, ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் தந்த தீர்ப்பின் துணை உண்டு. பட்டா நிலத்துப் புல்லுக்கு எதுவும் இல்லை. 2000-ம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட இந்தியத் தரிசு நில வரைபட நூலில் புதர் நிலமும் நலிந்த மேய்ச்சல் நிலமும் தரிசு வகைகளாகவே இடம்பெற்றன. தரிசு என்று எழுதிவிட்டால் அதில் எதை வைத்தாலும் முன்னேற்றம்தான். வெள்ளைக்காரன் வரி வராத நிலத்துக்கு வைத்த பெயரைச் சுதந்திர இந்தியா இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

ப்ரெய்ரி மாதிரி ஒன்றை இழந்தவர்கள் அனுபவத்தைக் கேட்கலாம். கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகளை அமெரிக்கர்கள் 1880-களுக்குள் சில நூறாகக் குறைத்தார்கள். புல்லைக் கோதுமைக்காக உழுதார்கள். 1930-களில் மழை பொய்த்தபோது, பிடித்துவைக்க வேர் இல்லாத மண் புழுதிப் புயலாக எழுந்து ஊர்களை மூடியது. லட்சக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தார்கள். அங்கே உயரப் புல் வளர்ந்த ப்ரெய்ரியில் இன்று மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. அதை இப்போது பூங்கா வைத்துக் காக்கிறார்கள். கொறங்காட்டை அப்படிப் பூங்காவாக்க முடியாது. மேய்ந்தால்தான் அது கொறங்காடு. மேய்ப்பவருக்குக் கட்டுப்படியானால்தான் மேய்ச்சல். புல்லை உழாமல் வைத்திருப்பவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று உதவித்தொகை தருவது ஐரோப்பிய நாடுகளில் புதிதல்ல. நெல்லுக்கும் கரும்புக்கும் விலை அறிவிக்கும் அரசாங்கத்துக்கு அது பெரிய செலவாகவும் இராது. 2026-ம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்திருக்கிறது என்ற செய்தி மூலனூர் ஆட்டுக்காரரை எட்டியிருக்க வாய்ப்பு குறைவு.

கொறங்காடு ஒன்று விலைபோய்விட்டதா என்று தெரிந்துகொள்ளப் பத்திர அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. வாங்கியவர் முதலில் செய்வது கிளுவை வேலியை எடுப்பது. கடவு இருந்த இடத்தில் ஜே.சி.பி. உள்ளே நுழையும், பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்த வேலி அரை நாளில் குவியலாகிவிடும். கல்லுக்கால் நட்டுக் கம்பிவலை கட்டுவார்கள். குவியல் காய்வதற்குள் பக்கத்துக் கொறங்காட்டுக்காரர் வந்து பச்சையாக இருக்கும் கம்புகளாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போவார். அவர் வேலியில் பொத்தல் விழுந்த இடத்தில் நடுவதற்கு.